சிங்கப்பூர் – நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், அக்கா நியூஜெர்சியில். அதனால் இந்த விமானத்தைப் பற்றி ஊரிலிருந்தும் இங்கிருந்தும் யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டு ஊருக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?

சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர். மைலில் 9,537. பக்கத்திலேயே இருக்கும் நியூவர்க் விமான நிலையம் என்றால் 15,344 கிலோமீட்டர். வெறும் ஐந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

இது பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழியின் நீளம். விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிட அதிகம். அதைக் கீழே சொல்கிறேன்.

பயண நேரம்?

இடையில் எங்கும் நிற்காத விமானத்தில், அட்டவணைப்படி சுமார் 18½ மணி முதல் 19 மணி வரை. பருவத்துக்குப் பருவம் இது கொஞ்சம் மாறும். அட்டவணை நேரம் என்பது விமானம் ஏறும் வாசலை (கேட்) விட்டு நகர்ந்த நொடியிலிருந்து, அந்தப் பக்கம் வாசலில் போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் மறுபடி ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். அதனால் காற்றில் இருக்கும் நேரம் எப்போதும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 2018 அக்டோபர் 11 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த நீண்ட சேவையை மறுபடி தொடங்கியபோது, நியூவர்க்குக்குப் போன முதல் விமானம் 17 மணி 52 நிமிடத்தில் இறங்கிவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டது என்று அப்போது செய்திகளில் பெருமையாகப் போட்டார்கள்.

இந்தத் தூரத்தை நானே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

பொதுவாக இரண்டு ஊருக்கு நடுவிலான தூரத்தைக் கணக்கிட சைன், கோசைன் எல்லாம் வேண்டும். ஆனால் இந்த இரண்டு ஊருக்கும் வேண்டாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். அதனாலேயே எனக்கு இந்த ஜோடி மிகவும் பிடிக்கும்.

சாங்கி இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை ஏறக்குறைய 104 பாகையில். கென்னடி விமான நிலையம் மேற்கே ஏறக்குறைய 74 பாகையில். கூட்டினால் 178. பூமியின் நேர் எதிர்ப்பக்கம் என்றால் 180 வர வேண்டும். அதாவது இரண்டு பாகைதான் குறைவு. ஆரஞ்சுப்பழத்தின் ஒரு சுளை இந்தப் பக்கம், இன்னொரு சுளை நேர் பின்பக்கம். இந்தச் சுளையிலிருந்து அந்தச் சுளைக்குப் போக மிகக் குறுகிய வழி, காம்பு இருக்கும் இடத்தைத் தாண்டிப் போவதுதான். பூமிக்குக் காம்பு வடதுருவம்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 1.36 பாகை வடக்கே. துருவம் 90. ஆக, துருவத்துக்குப் போக 88.64 பாகை. துருவத்திலிருந்து அந்தப் பக்கம் 40.64 பாகையில் இருக்கும் நியூயார்க்குக்கு இறங்க 49.36 பாகை. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,346. மேலே சொன்ன எண்ணுக்கு மூன்றே கிலோமீட்டர் குறைவு. பூமி சரியான உருண்டை இல்லை, கொஞ்சம் தட்டையானது. அதனால் வரும் சின்ன வித்தியாசம் இது.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி. வீட்டில் பையனுக்கு வாங்கிய 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலக உருண்டை ஒன்று இருக்கிறது. தையல் நூலை எடுத்து ஒரு முனையைச் சிங்கப்பூரில் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இழுத்துப் பிடித்தால், நூல் தானாக வழுக்கிக்கொண்டு மேலே போய் அச்சாணி சொருகியிருக்கும் இடத்தில் முட்டி நின்றுவிடும். அளந்தால் 36 சென்டிமீட்டர். அந்த உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 425 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே எண்தான்.

அப்படியானால் விமானம் வடதுருவத்துக்கு மேலேயா போகிறது?

இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழிதான். வடகிழக்கே ஏறி, ஜப்பான் பக்கமாகப் போய், வட பசிபிக்கைக் கடந்து, வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தொட்டு, கண்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நியூயார்க்.

சுற்று வழியாயிற்றே என்று தோன்றும். அதே நூலை எடுத்து, டோக்கியோவில் ஒரு குண்டூசி குத்தி, அதைச் சுற்றிக்கொண்டு போய் நியூயார்க்கில் பிடித்துப் பாருங்கள். 38 சென்டிமீட்டர். இரண்டே சென்டிமீட்டர்தான் கூடுதல்! கிலோமீட்டரில் 840 சொச்சம். 15,000 கிலோமீட்டர் போகிறவனுக்கு அது ஒரு மணி நேரக் கணக்குகூட இல்லை. அந்த ஒரு மணியைக் காற்று திருப்பிக் கொடுத்துவிடும்.

சேவை தொடங்கியபோது விமான நிறுவனம் சொன்ன பறக்கும் தூரமே சுமார் 16,700 கிலோமீட்டர். அதாவது குறுகிய வழியைவிட 1,350 கிலோமீட்டர் அதிகம். மேலே பறக்கிறவர்களுக்குத் தூரம் முக்கியமில்லை. நேரமும் எரிபொருளும்தான் முக்கியம். ஊரில் பஸ் டிரைவர் குழியும் மேடுமான குறுக்கு வழியை விட்டுவிட்டுப் புறவழிச்சாலையில் போவாரே, அதே கணக்குதான்.

காற்று அவ்வளவு வித்தியாசம் செய்யுமா?

செய்யும். தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று ஆறுகள் இருக்கின்றன. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் இது மிகவும் பலமாக இருக்கும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. விமானமும் அதே உயரத்தில்தான் பறக்கிறது.

கணக்காகப் பாருங்கள். இந்த வகை விமானம் காற்றுக்குள் போகும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர். 15,349-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி சொச்சம். காற்றே அடிக்காத ஓர் உலகத்தில், நேர்க்கோட்டில் போனால் இவ்வளவு. இப்போது 16,700 கிலோமீட்டர் சுற்றிப் போகிறோம், ஆனால் சராசரியாக 50 கிலோமீட்டர் வேகத்தில் பின்காற்று தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரைக்கணக்கில் வேகம் 950. வகுத்தால் பதினேழரை மணி. 1,350 கிலோமீட்டர் அதிகமாகப் போயும் அரை மணிதான் கூடுகிறது. இதே 50 கிலோமீட்டர் காற்று எதிரில் அடித்தால்? வேகம் 850. நேர்வழியிலேயே 18 மணி ஆகிவிடும். ஆக, எதிர்க்காற்றில் நேர்வழியா, பின்காற்றில் சுற்றுவழியா என்றால் சுற்றுவழிதான் சீக்கிரம். பயணத் திட்டம் போடுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் அன்றைய காற்று நிலவரத்தைப் பார்த்துத்தான் பாதை வரைகிறார்கள். அதனால் நேற்றுப் போன வழியில் இன்று போகாது.

திரும்பி வரும்போது எதிர்க்காற்றுதானே? அப்படியானால் ரொம்ப நேரம் ஆகுமா?

இதில்தான் ஒரு வேடிக்கை. பெரும்பாலான ஊர்களுக்கு நடுவில் போகும்போது பின்காற்று என்றால் வரும்போது எதிர்க்காற்று. லண்டன் – நியூயார்க் பயணத்தில் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று இருப்பது அதனால்தான். ஆனால் சிங்கப்பூரும் நியூயார்க்கும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். அதனால் திரும்பும்போதும் கிழக்கு நோக்கியே கிளம்பலாம்! பல நாட்களில் அப்படித்தான் வருகிறார்கள். அட்லான்டிக்கைக் கடந்து, ஐரோப்பாவின் மேலே, அப்புறம் மேற்கு ஆசியா, இந்தியா, வங்காள விரிகுடா என்று. வேறு நாட்களில் வடக்கே மிக உயரத்தில் ஏறியோ, பசிபிக் வழியாகவோ வருவதும் உண்டு.

அதாவது சில நாட்கள் பொருந்தி வந்தால், போகும்போது பசிபிக், வரும்போது அட்லான்டிக் என்று நீங்கள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவீர்கள். அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றுதான் நாம் சொல்வோம். அதனால் போகும் நேரமும் வரும் நேரமும் அட்டவணையில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். பத்து இருபது நிமிட வித்தியாசம்தான்.

பூமி சுழல்கிறதே, விமானம் மேலேயே நின்றால் நியூயார்க் தானாக வராதா?

வராது. விமானம் தரையில் நிற்கும்போதே பூமியோடு சேர்ந்துதான் சுழல்கிறது. காற்றும் அப்படியே. ஓடும் ரயிலுக்குள் எகிறிக் குதித்தால் அதே இடத்தில்தானே இறங்குகிறோம்? காற்றின் திசையைத் தீர்மானிப்பதில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு, அவ்வளவுதான்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைக் கழித்தால் ஐந்தே முக்கால் மணிகூட வரவில்லையே?

வராது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். சிங்கப்பூர் நேரம் நியூயார்க்கைவிடக் குளிர்காலத்தில் 13 மணி முன்னால், கோடையில் 12 மணி முன்னால். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னுக்கு வைப்பார்கள். சிங்கப்பூரில் அந்தப் பழக்கம் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு போடுவோம். குளிர்காலம். வியாழன் இரவு 11.35-க்குச் சாங்கியில் கிளம்புகிறீர்கள். 18 மணி 40 நிமிடப் பயணம். சிங்கப்பூர் கடிகாரத்தில் அப்போது வெள்ளி மாலை 6.15. அதில் 13 மணி கழித்தால் நியூயார்க்கில் வெள்ளி விடியற்காலை 5.15. டிக்கெட்டில் "வியாழன் 11.35 – வெள்ளி 5.15" என்று இருக்கும். பார்க்கிறவர்கள் சென்னையிலிருந்து மதுரைக்கு இரவு பஸ் ஏறியதுபோல நினைத்துக்கொள்வார்கள்.

திரும்புவது இன்னும் மோசம். வெள்ளி இரவு 10.30-க்கு நியூயார்க்கில் கிளம்பி 18 மணி 50 நிமிடம் பறந்தால், சிங்கப்பூரில் ஞாயிறு காலை 6.20. சனிக்கிழமை எங்கே போயிற்று என்று கேட்பார்கள். எங்கும் போகவில்லை, விமானத்துக்குள்ளேயே கழிந்துவிட்டது. நியூயார்க் கடிகாரத்தில் அது சனி மாலை 5.20தான்.

இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். வெள்ளி இரவு கிளம்புகிறேன் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, அத்தை மகனிடம் "சனிக்கிழமை காலையில ஏர்போர்ட்டுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டேன். அவன் சனிக்கிழமை ஆறு மணிக்கே போய் நின்றிருக்கிறான். அந்த நேரத்தில் நான் நியூஜெர்சியில் அக்கா வீட்டில் பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தேன், கிளம்பவே இல்லை. அவன் மறுநாளும் வந்தான் என்பதை அவன் நல்ல மனதுக்காகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

எளிய வாய்ப்பாடு: போகும்போது, டிக்கெட்டில் வரும் வித்தியாசத்தோடு 13 (கோடையில் 12) கூட்டுங்கள். வரும்போது அதையே கழியுங்கள். அதுதான் உண்மையான பயண நேரம்.

நான்-ஸ்டாப், டைரக்ட் இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. நான்-ஸ்டாப் என்றால் நடுவில் எங்கும் இறங்காது. டைரக்ட் என்றால் விமான எண் மாறாது, ஆனால் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். சிங்கப்பூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக நியூயார்க் போகும் சேவை அப்படிப்பட்டது. தூரமாகப் பார்த்தால் 10,278-உம் 6,189-உம் சேர்த்து ஏறக்குறைய 16,470 கிலோமீட்டர். நேர்வழியைவிட 1,100 சொச்சம்தான் கூடுதல். ஆனால் இறங்குவது, காத்திருப்பது, மறுபடி சோதனை, மறுபடி ஏறுவது என்று நேரம் போய்விடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடுவில் கொஞ்சம் நடப்பது நல்லதுதான் என்பதால் என் மாமியார் அந்த வழியைத்தான் கேட்பார்.

எந்த விமானம்? அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். கடைசி மூன்று எழுத்தும் மிக நீண்ட தூரம் என்பதைக் குறிப்பவை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் இந்த வகையில் ஏழு விமானங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஏ350 போலத்தான் இருக்கும். வித்தியாசம் எரிபொருளில். சாதாரண ஏ350-900 ஒன்றுக்கு 1,41,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும் என்றால், இதற்கு 1,65,000 லிட்டர்.

அந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். விமான எரிபொருள் லிட்டருக்கு ஏறக்குறைய 800 கிராம். முழுக்க நிரப்பினால் 132 டன். மேலே ஏற அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 280 டன். அதாவது ஓடுபாதையில் ஓடும்போது விமானத்தின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு வெறும் எரிபொருள். பயணத்தின் முதல் பாதியில், பின்பாதிக்கான எரிபொருளைத் தூக்கிச் சுமப்பதற்காகவே நிறைய எரிபொருள் எரிகிறது. மிக நீண்ட பயணங்கள் லாபகரமாக இருப்பது கடினம் என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஏற்கெனவே ஒருமுறை இது தடுமாறியிருக்கிறது. 2004 ஜூன் மாதம் இதே நிறுவனம் நியூவர்க்குக்கு ஏ340-500 என்ற விமானத்தை விட்டது. அதற்கு நான்கு எஞ்சின். எரிபொருள் விலை ஏற ஏற, அந்த நான்கு எஞ்சினும் காசைக் குடித்தன. 2008-இல் எல்லா இருக்கையையும் பிசினஸ் வகுப்பாக மாற்றி, நூறே பேரை ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, இரண்டே எஞ்சினில் அவ்வளவு தூரம் போகக்கூடிய ஏ350 வந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. கென்னடி விமான நிலையத்துக்கு நேரே போகத் தொடங்கியது 2020 நவம்பரில், பெருந்தொற்றுக் காலம். பயணிகள் குறைவாக இருந்தாலும் சரக்கு நிறைய இருந்தது.

எகானமி டிக்கெட்டே காட்டவில்லையே?

இல்லவே இல்லை. மொத்தம் 161 இருக்கை: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண ஏ350-இல் முந்நூறு பேர் வரை ஏற்றுகிற இடத்தில் பாதிப் பேர்தான். எடை குறைந்தால்தான் அவ்வளவு தூரம் போக முடியும். அதனால் டிக்கெட் விலை கசக்கும். பணம்தான் முக்கியம் என்றால் ஓர் இடத்தில் இறங்கி ஏறும் டிக்கெட்டை எடுங்கள். நான் பாதி முறை அப்படித்தான் போகிறேன்.

சென்னையிலிருந்து நியூயார்க் போக சிங்கப்பூர் வழி நல்லதா?

தூரக்கணக்கில் இல்லை. சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேர்தூரம் ஏறக்குறைய 13,475 கிலோமீட்டர். சென்னை – சிங்கப்பூர் 2,900 சொச்சம். அங்கிருந்து 15,349. மொத்தம் 18,000-ஐத் தாண்டுகிறது. நியூயார்க்குக்குப் போகிறவர் முதலில் அதைவிட்டு விலகிப் போகிறார்.

துபாய் வழியாகப் போனால் சென்னை – துபாய் அதே 2,900 சொச்சம்தான்; சென்னைக்குக் கிழக்கே சிங்கப்பூரும் மேற்கே துபாயும் தராசுத் தட்டுபோல ஒரே தூரத்தில் இருக்கின்றன. ஆனால் துபாயிலிருந்து நியூயார்க் 11,000 கிலோமீட்டர்தான். மொத்தம் 14,000-க்குள் முடிந்துவிடும். 4,000 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். சிங்கப்பூரில் சொந்தக்காரர் வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டுப் போவதாக இருந்தால் மட்டும் இந்த வழி.

உலகத்திலேயே நீளமான விமானப் பயணம் இதுதானா?

2020-இல் கென்னடி சேவை தொடங்கியபோது, வழக்கமாக ஓடும் பயணிகள் சேவைகளில் தூரத்தில் இதுவே முதலிடம். நியூவர்க் சேவை ஐந்து கிலோமீட்டரில் இரண்டாவது. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்குக் குவாண்டாஸ் விடும் விமானம் ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர். அதே குவாண்டாஸ் சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நிற்காமல் போகத் திட்டம் போட்டது. சிட்னி – லண்டன் 17,000 கிலோமீட்டர். 2019-இல் சோதனையாகச் சிலரை மட்டும் ஏற்றிக்கொண்டு பறந்தபோது 19 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஆனால் காற்றில் இருக்கும் நேரம் என்று பார்த்தால், இவை எல்லாவற்றையும் தோற்கடித்த பயணம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும், ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இருந்த விமான வழி அறுந்துவிட்டது. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ், பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கல ஏரிக்குக் கேட்டலினா என்ற கடல் விமானத்தை விட்டது. தூரம் 5,650 கிலோமீட்டர்தான். ஆனால் 27 மணி முதல் 32 மணி நேரம் வரை காற்றிலேயே இருக்க வேண்டும்! மூன்று பயணிகள், கொஞ்சம் தபால், மீதி எல்லாம் பெட்ரோல். ரேடியோவில் பேசக்கூடாது, எதிரிக்குத் தெரிந்துவிடும். இரவில் நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்ததால், அதில் போனவர்களுக்கு "இரட்டைச் சூரியோதய ரகசியக் குழு" என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்களாம். பிரீமியம் எகானமியில் உட்கார்ந்துகொண்டு முதுகு வலிக்கிறது என்று முனகும்போது நான் அந்த மூன்று பேரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இரண்டே எஞ்சினில் அவ்வளவு பெரிய கடலைத் தாண்டுவது ஆபத்தில்லையா?

ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றொன்றில் பறந்து, குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் போய் இறங்க ஒரு விமான நிலையம் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பாதையே அதற்கேற்றபடிதான் வரைகிறார்கள். இந்த ரக விமானத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. பசிபிக்கின் வட ஓரமாகப் போகும்போது ஜப்பான், அலூஷியன் தீவுகள், அலாஸ்கா என்று இறங்க இடம் இருந்துகொண்டே இருக்கும்.

ஒரே விமானியா 18 மணி நேரமும் ஓட்டுகிறார்?

நான்கு பேர் இருப்பார்கள். முறை வைத்து ஓட்டி, முறை வைத்துத் தூங்குவார்கள். அவர்கள் படுக்க மறைவான இடம் தனியாக உண்டு.

அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாதா?

கால்தான் கவலை. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து பயணம் செய்தால், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. பயப்பட வேண்டாம், மொத்தத்தில் ஏறக்குறைய ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான். ஆனாலும் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து கழிப்பறை வரை நடந்து வாருங்கள். ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம்.

ஏ350-இல் உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். குன்னூரில் உட்கார்ந்திருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டாது. ஆனால் குன்னூரின் ஈரக்காற்று கிடைக்காது; விமானத்துக்குள் காற்று வறண்டு கிடக்கும். உதடு வெடிக்கும், மூக்கு எரியும். தண்ணீரைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். ஜன்னல் இருக்கை மேல் ஆசை இருந்தாலும் வழியோர இருக்கையே வசதி. தூங்குகிறவரைத் தாண்டி மூன்றாவது முறை போகும்போது நமக்கே கூச்சமாக இருக்கும்.

ஜெட் லாக்குக்கு ஒரே ஒரு யோசனை. 12–13 மணி வித்தியாசம் என்றால் பகலும் இரவும் அப்படியே தலைகீழ். கைக்கடிகாரத்தில் மணி எண்ணைக்கூட மாற்ற வேண்டாம், காலை மாலை மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டால் போதும். குளிர்காலத்தில் மட்டும் நியூயார்க் போனதும் ஒரு மணி பின்னுக்குத் தள்ளி வையுங்கள். உடம்பு அவ்வளவு சீக்கிரம் கேட்காது. அக்கா வீட்டில் முதல் இரண்டு மூன்று நாள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, யாரையும் எழுப்பாமல் இருட்டில் பிரிட்ஜைத் திறந்து தயிர்சாதம் தேடுவது என் வழக்கம்.

ஒவ்வொரு இணையதளத்திலும் ஒவ்வொரு தூரம் போட்டிருக்கிறது. எது சரி?

சில தளங்கள் பூமியை முழு உருண்டை என்று வைத்துக் கணக்கிடும், சில தட்டையானதைச் சேர்த்துக் கணக்கிடும். அதில் சில கிலோமீட்டர்தான் மாறும். சில தளங்கள் ஊருக்கு நடுவிலிருந்து ஊருக்கு நடுவில் அளக்கும். ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வந்தால், ஒன்று குறுகிய தூரம், மற்றது அன்று விமானம் உண்மையில் பறந்த தூரம். 8,288 என்று ஏதாவது கண்ணில் பட்டால், அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

கென்னடியா, நியூவர்க்கா? எதற்கு டிக்கெட் போடுவது?

விமானத்தில் ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம் என்று மேலே சொன்னேன். தரையில் கதை வேறு. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவில் நேர்கோட்டில் 33 கிலோமீட்டர், ஆனால் குறுக்கே மன்ஹாட்டனும் இரண்டு ஆறுகளும் அத்தனை போக்குவரத்தும் இருக்கின்றன. நெரிசல் நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆகும். சொந்தக்காரர் வீடு எடிசனிலோ ஜெர்சி சிட்டியிலோ இருந்தால் நியூவர்க். குயின்ஸ், லாங் ஐலண்ட் பக்கம் என்றால் கென்னடி. டிக்கெட்டில் இ.டபிள்யூ.ஆர். என்று இருந்தால் நியூவர்க், ஜே.எஃப்.கே. என்றால் கென்னடி. அழைத்துப்போக வருகிறவருக்கு அந்த மூன்று எழுத்தையும் கிழமையையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.